ஜப்பான் கழித்த ரயில் தாய்லாந்தில் ஓடுகிறது: பழைய ரயில்காருக்கு மறுவாழ்வு கிடைப்பது எப்படி?

பழைய காரோ மோட்டார் சைக்கிளோ வாங்கப் போகும்போது நம்மவர்கள் தனியாகப் போவதில்லை. பட்டறையில் வேலை செய்யும் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் மேலே அடித்திருக்கும் சாயத்தைப் பார்க்க மாட்டார். இஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். குனிந்து அடியில் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?"

ரயில்களையும் இப்படிப் பழையதாக வாங்குகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நம் பக்கத்து நாடான தாய்லாந்தில், ஜப்பானில் ஓடி ஓய்ந்த டீசல் ரயில்கள் இன்று புதிதாகச் சாயம் பூசி ஓடுகின்றன. மியன்மார், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கம்போடியா என்று நம்மைச் சுற்றியுள்ள நாடுகள் பலவும் இந்த வழியில் போயிருக்கின்றன. சில இடங்களில் அது மக்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது. சில இடங்களில் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டப்பட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பட்டறைக்காரர் கேட்கும் கேள்வியில்தான் பதில் இருக்கிறது.

இஞ்சின் இல்லாத ரயில்

முதலில், ரயில்கார் என்றால் என்ன என்று பார்ப்போம்.

நாம் சிறு வயதில் பார்த்த ரயிலில் முன்னால் ஒரு பெரிய இஞ்சின் இருக்கும். பின்னால் பெட்டிகள் தொடரும். ரயில்காரில் அப்படித் தனி இஞ்சின் கிடையாது. பயணிகள் உட்காரும் பெட்டியின் தரைக்கு அடியிலேயே டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கும், பஸ்ஸில் இருப்பதுபோல. ஓட்டுநர் அறையும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். ஒரு பெட்டி தனியாகவும் ஓடும். கூட்டம் அதிகமானால் இரண்டு, மூன்று பெட்டிகளைச் சேர்த்து ஒரே ஓட்டுநர் ஓட்டலாம்.

இதில் என்ன லாபம்? நீண்டதூர ரயிலை இழுக்கும் டீசல் இஞ்சின் ஒன்றே நூறு டன்னைத் தொடும் எடை. அறுபது, எழுபது பேர் மட்டுமே ஏறும் ஒரு கிளைப் பாதையில் அந்த எடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால், டீசல் செலவே வருமானத்தை விழுங்கிவிடும். ஜப்பானின் சாதாரண ரயில்கார் ஒன்று இயந்திரம், இருக்கை எல்லாம் சேர்த்தே 40 டன்னுக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. இஞ்சின் இழுக்கும் ரயில் கடைசி நிலையத்துக்குப் போனதும் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கூடுதல் தண்டவாளம் வேண்டும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருந்தால் இந்த வேலையே இல்லை. ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் ஏறிக்கொண்டால் ரயில் புறப்படத் தயார்.

ஆகவே, பெரிய நகரங்களுக்கு இடையே ஓடும் விரைவு ரயிலுக்கு அல்ல, சின்னச் சின்ன ஊர்களை இணைக்கும் சேவைக்குத்தான் ரயில்கார் பொருத்தமானது. நம் நாட்டிலும் 1980-களின் இறுதியில் ஹங்கேரியில் செய்த 'ரயில் பஸ்' ஓடியதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். 1995-இல் மின்சாரக் கொமுட்டர் வந்த பிறகு அந்தப் பெயரே மறந்துபோனது.

ஜப்பான் ஏன் கழிக்கிறது?

ஜப்பானில் டீசல் ரயில்கார்களின் பெயர் பெரும்பாலும் 'கீஹா' என்று தொடங்கும். 'கீ' என்றால் டீசல் பெட்டி, 'ஹா' என்றால் சாதாரண வகுப்பு. கீஹா 40, கீஹா 58, கீஹா 183 என்று எண்ணைச் சேர்த்து அழைப்பார்கள். கீஹா 40 குடும்பத்தைச் சேர்ந்த பெட்டிகள் மட்டும் 1977-இலிருந்து 1982-க்குள் 888 கட்டப்பட்டன. நாட்டின் வட கோடியிலிருந்து தென் கோடி வரை பல கிளைப் பாதைகளில் அவை ஓடின.

இன்று ஜப்பானின் கிராமப்புறங்களில் ஆள் குறைந்து வருகிறது. இளையோர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வடக்கே ஹொக்கைடோ தீவில் பல கிளைப் பாதைகள் மூடப்பட்டுவிட்டன. இருக்கும் பாதைகளிலும் எரிபொருள் குறைவாகச் செலவாகும் புதுவகை ரயில்கள் வந்துவிட்டன. அதனால் நாற்பது வயதைத் தொட்ட ரயில்கார்கள் வரிசையாகக் கழிக்கப்படுகின்றன.

ஆனால் கழிக்கப்பட்டது என்பதற்காக அவை ஓட்டை வண்டிகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் குறித்த காலத்துக்கு ஒருமுறை பெட்டியை முழுவதும் பிரித்துச் சோதித்து, மறுபடியும் பூட்டுவார்கள். நாற்பது ஆண்டு ஓடிய பெட்டியின் உடற்கூடு இன்னும் பல ஆண்டு தாங்கும் நிலையில் இருப்பது அங்கே அபூர்வமல்ல. உடைத்துப் பழைய இரும்பாக்குவதற்கும் செலவாகும். வேண்டும் என்று கேட்கும் நாட்டுக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

67 மில்லிமீட்டர் வித்தியாசம்

பழைய ரயில்காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அப்படியே தண்டவாளத்தில் வைத்துவிட முடியாது. முதல் தடை, தண்டவாளத்தின் அகலம்.

ஜப்பானின் வழக்கமான ரயில் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,067 மில்லிமீட்டர் இடைவெளி. புல்லட் ரயில் பாதை வேறு. அது 1,435 மில்லிமீட்டர். மலேசியா, தாய்லாந்து, மியன்மார், கம்போடியா ஆகிய நாடுகளில் கேடிஎம் பாதையில் இருப்பதுபோலச் சரியாக ஒரு மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர். பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் ஜப்பானில் இருப்பதுபோலவே 1,067.

வித்தியாசம் 67 மில்லிமீட்டர்தான். நம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனாலும் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது. சக்கரங்கள் இரும்பு அச்சில் அழுத்தத்தால் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. பட்டறையில் அவற்றை ஒவ்வொரு பக்கமும் 33.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அமர்த்த வேண்டும், அல்லது அச்சையே மாற்ற வேண்டும். சக்கரம் நகர்ந்தால் அதைப் பிடிக்கும் பிரேக் கட்டையும் நகர வேண்டும். வித்தியாசம் சிறியது என்பதால்தான் இந்த வேலை முடிகிறது. 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய ரயிலை ஒரு மீட்டர் பாதைக்கு மாற்றுவதென்றால், சக்கரம் பூட்டிய அடிச்சட்டத்தையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அகலம் சரியானாலும் வேலை முடியாது. பெட்டி நடைமேடையில் உரசுமா? மேம்பாலத்தின் அடியிலும் சுரங்கத்திலும் நுழையுமா? நடைமேடை தாழ்வாக இருந்தால் வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள்? குளிர்நாட்டில் ஓடியதற்கு நம் ஊர் வெயிலில் இயந்திரம் சூடேறாதா? இவை எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாய்லாந்து: குப்பையா, கொடையா?

ஹொக்கைடோவில் விரைவு ரயிலாக ஓடிய கீஹா 183 பெட்டிகளில் 17 பெட்டிகளைத் தாய்லாந்துக்கு இலவசமாகக் கொடுக்க அங்குள்ள ரயில் நிறுவனம் முன்வந்தது. கொடுத்தது இலவசம். ஆனால் கப்பல் கூலி, இறக்கும் கூலி என்று தாய்லாந்து ரயில்வே 4 கோடி பாட்டுக்கு மேல் செலவு செய்ய வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அவை லேம் சபாங் துறைமுகத்தில் வந்து இறங்கின.

படங்கள் வெளிவந்ததும் அங்கே சமூக ஊடகங்களில் ஒரே அமளி. சாயம் உதிர்ந்து, துருப் படிந்து நின்ற பெட்டிகளைப் பார்த்து, "இவ்வளவு பணம் கொடுத்துப் பழைய இரும்பையா வாங்கி வந்தீர்கள்?" என்று மக்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமான கேள்விதான். பொதுப் பணம் செலவாகும்போது கேட்கத்தான் வேண்டும்.

பேங்காக்கின் மக்கசான் பட்டறைதான் அதற்குப் பதில் சொன்னது. அங்கே சக்கர இடைவெளியை ஒரு மீட்டருக்கு மாற்றினார்கள். இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரேக், குளிர்சாதனம், கழிப்பறை, இருக்கை எல்லாவற்றையும் சரிசெய்து, ஜப்பானில் இருந்த அதே தோற்றத்தில் புதுச் சாயம் அடித்தார்கள். 2022-இல் முதல் தொகுதிப் பெட்டிகள் பேங்காக்கிலிருந்து ஒரு நாள் சுற்றுலாப் பயணத்துக்குப் புறப்பட்டன. ஜப்பானியத் தோற்றத்தை மாற்றாமல் விட்டதே ஒரு கவர்ச்சியாகிவிட்டது. கேலி செய்த சமூக ஊடகத்திலேயே ரயிலின் முன் நின்று எடுத்த படங்கள் வரத் தொடங்கின.

2024-இல் ஜப்பானின் கிழக்குப் பகுதி ரயில் நிறுவனத்திடமிருந்து கீஹா 40, கீஹா 48 வகையில் மேலும் 20 பெட்டிகள் தாய்லாந்துக்கு வந்தன. இவை விரைவு ரயில்கள் அல்ல. ஊருக்கு ஊர் நின்று போகும் சாதாரண ரயில்கார்கள். கம்போடியாவும் கீஹா 183 பெட்டிகள் சிலவற்றை வரவழைத்தது.

தாய்லாந்து செய்ததில் கவனிக்க வேண்டியது இது: பெட்டிகளை மட்டும் அவர்கள் நம்பவில்லை. சொந்தப் பட்டறையும், பல தலைமுறையாகக் கை பழகிய தொழிலாளர்களும் அவர்களிடம் இருந்தார்கள். வேலை உள்நாட்டிலேயே நடந்ததால் அடுத்த முறை பழுதானால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மியன்மார்: கூரையை அறுத்து ஓட்டினார்கள்

பழைய ஜப்பானிய ரயில்கார்களை அதிக வகையில் வாங்கிக் குவித்த நாடு என்றால் மியன்மாரைச் சொல்லலாம். 2000-களின் தொடக்கத்திலிருந்தே அங்கே அவை வரத் தொடங்கின. பெரிய நிறுவனங்களிடமிருந்து மட்டுமல்ல, ஜப்பானில் மூடப்பட்ட சின்னச் சின்னக் கிராமப்புற ரயில் நிறுவனங்களிடமிருந்தும் பெட்டிகள் வந்தன. யாங்கூன் நகரைச் சுற்றி ஏறத்தாழ 46 கிலோமீட்டர் வட்டமாக ஓடும் புறநகர் ரயிலிலும், நாட்டுப்புறக் கிளைப் பாதைகளிலும் அவற்றை ஓட்டினார்கள்.

அங்கே ஒரு சங்கடம் இருந்தது. மியன்மாரின் பாதைகளில் மேலே இருக்கும் இடைவெளி ஜப்பானில் இருப்பதைவிடக் குறைவு. பெட்டி அப்படியே போனால் பாலத்தின் அடியில் இடிக்கும். அதனால் பல பெட்டிகளின் கூரையை அறுத்தெடுத்து, உயரத்தைக் குறைத்து, மறுபடி பற்றவைத்தார்கள். அந்தப் பெட்டிகளை ஜப்பானில் பார்த்துப் பழகியவர்கள் மியன்மாரில் பார்த்தால், தலையில் தட்டிக் குள்ளமாக்கியதுபோல் தோன்றும்.

காய்கறிக் கூடை, மூட்டை முடிச்சு, பள்ளிப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று அந்த ரயில்கள் சுமந்தது ஏழை எளிய மக்களைத்தான். பஸ் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு அந்தப் பழைய பெட்டிதான் வழி.

ஆனால் அங்கே பல வகைப் பெட்டிகள் கலந்து வந்தது பெரிய தலைவலி ஆனது. ஒன்றின் இயந்திரம் ஒரு மாதிரி, இன்னொன்றின் இயந்திரம் வேறு மாதிரி. ஒன்றின் கியர்ப் பெட்டி மற்றதில் பொருந்தாது. ஒரு வகையில் நாலைந்து பெட்டிகள் மட்டுமே இருந்தால், அதற்கென்று பாகங்களை வாங்கி வைப்பதும் கட்டுப்படியாகாது. கடைசியில் ஒரு பெட்டியைக் கழற்றித்தான் இன்னொரு பெட்டியை ஓட்ட வேண்டிவரும். பட்டறைகளில் இதை நாம் பார்த்திருக்கிறோம்: இரண்டு பழைய லாரியை ஒரு லாரியாக்குவது. அடுத்து எந்த லாரியைக் கழற்றுவது என்று கேட்டால் பதில் இருக்காது.

பிலிப்பைன்ஸ்: ரயில் நன்றாக இருந்தது, பாதை இல்லை

பிலிப்பைன்சில் தண்டவாள அகலம் ஜப்பானில் உள்ளதுதான். சக்கரத்தைத் தொடவே தேவையில்லை. கீஹா 52, கீஹா 59 போன்ற பெட்டிகள் 2010-களின் தொடக்கத்தில் அங்கே போயின. தண்டவாளத்தை ஒட்டியே குடிசைகள் நிறைந்த பகுதிகளில் கல்லெறிக்குப் பயந்து சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார்கள்.

அங்கே சோதனை வேறு இடத்திலிருந்து வந்தது. தலைநகர் மணிலாவுக்கும் தெற்கே பிக்கோல் வட்டாரத்துக்கும் இடையிலான நீண்டதூர ரயில் 2011-இல் மறுபடி தொடங்கியது. அதிலும் ஜப்பானின் பழைய பெட்டிகள்தான். அடுத்த ஆண்டே புயல் மழையில் பாலம் பழுதாகிச் சேவை நின்றுபோனது. ரயிலுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடுவதற்குப் பாதைதான் இல்லை. பழைய பெட்டியை இலவசமாகக் கொடுக்க ஒரு நாடு கிடைக்கும். பழைய பாலத்தை யாரும் இலவசமாகச் சீர்செய்து கொடுக்க மாட்டார்கள்.

ஜகார்த்தா: ஒரே வகை, ஏராளமான பெட்டிகள்

இந்தோனேசியத் தலைநகரின் கதை மின்சார ரயில்களைப் பற்றியது. ஆனால் பாடம் ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டில் தோக்கியோ சுரங்க ரயிலின் 72 பழைய பெட்டிகள் ஜகார்த்தாவுக்கு நன்கொடையாக வந்தன. அது நன்றாக ஓடியதால் தொடர்ந்து வாங்கினார்கள். 2013-இலிருந்து '205' என்னும் ஒரே வகைப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. கூடவே பாகங்களும் வந்தன. பராமரிப்பைக் கற்றுக்கொடுக்க ஜப்பானிய நிபுணர்களும் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேரைச் சுமக்கும் அளவுக்கு அந்தச் சேவை வளர்ந்தது. கூரைமேல் ஏறிப் பயணம் செய்த காலம் போய், குளிர்சாதனப் பெட்டியில் போகும் காலம் வந்தது.

ஆனால் 2023-இல் மேலும் பழைய ரயில்களை இறக்குமதி செய்ய ரயில் நிறுவனம் அனுமதி கேட்டபோது இந்தோனேசிய அரசாங்கம் மறுத்துவிட்டது. உள்நாட்டிலேயே ரயில் கட்டும் இன்கா தொழிற்சாலை இருக்கும்போது வெளிநாட்டுப் பழைய ரயில் எதற்கு என்பது ஒரு தரப்பின் வாதம். புதிய ரயில் கட்டி முடிக்கும் வரை நெரிசலில் சாவது யார் என்பது மறுதரப்பின் கேள்வி. கடைசியில் இன்காவுக்கும் கேட்பாணை போனது. அவசரத்துக்குச் சீனாவிலிருந்து புதிய ரயில்களும் வந்தன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பழைய ரயில் அவசரத்துக்குக் கைகொடுக்கும். அதையே காலமெல்லாம் நம்பியிருந்தால் உள்நாட்டுத் தொழில் வளராது.

இங்கிலாந்து: பட்டறை மூடியதும் ரயில் நின்றது

பழைய ரயிலுக்கு மறுவாழ்வு கொடுப்பது ஏழை நாடுகளின் வேலை மட்டும்தானா? இல்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் 1938-இல் கட்டிய லண்டன் சுரங்க ரயில் பெட்டிகள் 2021 ஜனவரி வரை ஓடின. எண்பது வயதைத் தாண்டிய ரயில்! அங்கே சுரங்கப்பாதை தாழ்வானது என்பதால் குள்ளமான அந்தப் பெட்டிகள்தான் நுழைந்தன.

லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஓடி, 2017-இல் ஓய்வுபெற்ற பெட்டிகளை விவாரெயில் என்ற நிறுவனம் வாங்கியது. அவற்றின் உடற்கூடு அலுமினியம், துருப்பிடிக்காது. அடியில் ஃபோர்ட் வேன்களில் வரும் டீசல் இயந்திரங்களைப் பொருத்தி, கிளைப் பாதை ரயில்களாக மாற்றினார்கள். இயந்திரம் பழுதானால் கிடங்கிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்பது திட்டம். 2019 ஏப்ரலில் பெட்ஃபோர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே அவை ஓடத் தொடங்கின.

நல்ல யோசனைதான். ஆனால் 2022 இறுதியில் விவாரெயில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அந்த ரயில்களைப் பராமரித்தது அந்த ஒரே நிறுவனம். அது மூடிய உடனே பாதையில் ரயில் நின்றது. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு அந்த ஊர் மக்கள் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். 2023 நவம்பரில் வேறு வகை ரயில்களைக் கொண்டுவந்துதான் சேவை மீண்டது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. விவாரெயிலின் தொழில்நுட்பத்தை வேறொரு ரயில் நிறுவனம் வாங்கி, அதே பழைய பெட்டிகளில் பேட்டரி பொருத்தி ஓட்டிப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் ஒரே சார்ஜில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காட்டியது. 1980-ஐ ஒட்டிப் பிறந்த பெட்டி, பேட்டரி காலத்துக்கும் வந்துவிட்டது. பெட்டியின் வயதைவிட அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நமக்கு இதில் என்ன?

மலேசியாவில் ரயிலுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் பாதை போட்ட காலத்திலிருந்து இந்த மண்ணின் தண்டவாளங்களில் நம் முன்னோர் வியர்வை இருக்கிறது. செந்தூல் பட்டறையில் வேலை செய்தவர்கள், நிலைய அதிகாரிகள், தண்டவாளக் கூலிகள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்சும் செந்தூலும் நம்மவர் குடியிருப்புகளாக வளர்ந்ததற்கு ரயில்வேயும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போக ரயில் ஒரு வழியாக இருந்தது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கும், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கும் கிளைப் பாதைகள் இருந்தன. இன்று அங்கே பயணிகள் ரயில் இல்லை. கார் இல்லாத முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மகனோ மருமகனோ லீவு போட வேண்டும், இல்லாவிட்டால் கிராப் காருக்குக் காசு கொடுக்க வேண்டும். சிறு ஊர்களுக்குச் சிறு ரயில் என்ற பேச்சு நமக்குப் பழங்கதை அல்ல.

தண்டவாளம் போய்விட்ட இடத்தில் ரயில்காரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தண்டவாளம் இருக்கும் இடத்தில் செய்யலாம். கிம்மாசிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர் நீளும் கிழக்குக்கரைப் பாதையை எடுத்துக்கொள்வோம். 2014 இறுதியில் வந்த பெருவெள்ளம் அந்தப் பாதையைப் பலமாகத் தாக்கியது. முழுவதும் மீள ஆண்டுகள் பிடித்தன. 2021 முதல் அங்கே சீனாவில் செய்த புதிய டீசல் ரயில்கார்கள் உள்ளூர்ச் சேவையில் ஓடுகின்றன. நம் அரசாங்கம் பழையதற்குப் போகாமல் புதியதையே வாங்கியது. நல்லதுதான். கிழக்குக்கரையில் வரும் இசிஆர்எல் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அந்த ரயில் இந்தப் பாதையில் ஓடாது. எனவே பழைய பாதைக்கு அதற்கேற்ற ரயில் தொடர்ந்து தேவைப்படும்.

இன்று புதிதாக இருப்பது இருபது, முப்பது ஆண்டில் பழையதாகிவிடும். அப்போது அவற்றைக் கழிப்பதா, புதுப்பித்து வேறொரு பாதையில் ஓட்டுவதா என்ற கேள்வி நமக்கும் வரும். அல்லது ஒரு நாள், "இலவசமாகப் பழைய ரயில் தருகிறோம்" என்று வெளிநாடு ஒன்று கதவைத் தட்டலாம். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளை அண்டை நாடுகள் நமக்காக எழுதி வைத்துவிட்டன.

முதலாவது, ஒரே வகையில் போதிய எண்ணிக்கை கிடைக்குமா? ஐந்து வகையில் நான்கு நான்கு என்றால், மியன்மார் பட்ட பாடுதான்.

இரண்டாவது, பாகங்கள் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? கழற்றி எடுப்பதற்கென்றே கூடுதலாகச் சில பெட்டிகளையும் சேர்த்து வாங்குவது பல இடங்களில் நடைமுறை.

மூன்றாவது, வேலை எங்கே நடக்கும்? நம் பட்டறையில் நம் ஆட்கள் கையால் நடந்தால் அந்தத் திறமை இங்கேயே தங்கும். ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் விட்டால் அது மூடும் நாளில் ரயிலும் நிற்கும்.

நான்காவது, அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் வெப்பத்தைத் தடுக்கக் கல்நார் வைத்திருப்பார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பிரித்து வேலை செய்யும் தொழிலாளியின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று தொழிற்சங்கம் முதல் நாளே கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பாதையும் பாலமும் நிலையமும் நல்ல நிலையில் இருக்கின்றனவா? ரயிலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது அவற்றுக்குக் கொடுக்காவிட்டால் பிலிப்பைன்சில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

கடைசியாக, கைப்பிடி, படி, சக்கர நாற்காலி ஏறும் வழி, கழிப்பறை. நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய பெட்டியில் இவை இன்றைய தேவைக்குப் போதாது. மாற்றித்தான் ஆக வேண்டும். யாருக்காக ரயில் ஓடுகிறதோ அவர்களால் ஏற முடியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், பழைய ரயில் என்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், பளபளக்கும் புது ரயிலும் சில ஆண்டுகளில் பட்டறை ஓரத்தில் புல் முளைத்து நிற்கும். நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ நம் ஊருக்கு வந்து ரயில் கொண்டுவருகிறோம் என்று சொன்னால் கைதட்டுவோம். கைதட்டிவிட்டு, அந்தப் பட்டறைக்காரர் கேட்டதையும் கேட்போம்: "இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா? பழுதானா யாரு பார்ப்பா?"